வினைமுதல் இல்லாத வாக்கியங்கள்: ஏற்றுமதித் தொழிற்சாலையில் ‘உரையாடல்’, ‘பயிற்சி’ என்னும் சொல்லாடல்கள் குறித்து

1

சில ஆண்டுகளுக்கு முன் கைச்செலவுக்காக ஒரு மொழிபெயர்ப்பு வேலையை ஒப்புக்கொண்டேன். வெளிநாட்டு ஆடை நிறுவனம் ஒன்று, தனக்குத் துணி தைத்து அனுப்பும் கம்பெனிகளின் சுவரில் ஒட்டுவதற்காகத் தயாரித்திருந்த ‘நடத்தை நெறிகள்’. அதோடு தொழிலாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்று. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு இது பெரிய காரியமில்லை என்று நினைத்து ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். ‘தொழிலாளர்கள் கண்ணியத்துடன் நடத்தப்பட வேண்டும். பாகுபாடு காட்டப்படக் கூடாது. கூடுதல் நேர வேலை திணிக்கப்படக் கூடாது.’ அச்சில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அந்தப் பயிற்சிக்கே என்னை இரண்டு நாள் உரைபெயர்க்கக் கூப்பிட்டார்கள். பயிற்சி தருபவருக்கு ஆங்கிலம் மட்டும்தான். கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பெண்கள், பாதிப்பேர் இருபதைத் தாண்டாதவர்கள், தலைக்குல்லாய்கூடக் கழற்றாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லைனை நிறுத்திவிட்டு வந்த இரண்டு மணி நேரத்துக்கான டார்கெட்டைச் சாயங்காலம் யார் தலையில் கட்டுவார்கள் என்ற கவலை முகத்தில் தெரிந்தது. பின்சுவரில் சாய்ந்தபடி எச்.ஆர். அதிகாரி. நெறிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். ‘ஏதாவது கேட்கணுமா?’ என்றதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. முடியும் தறுவாயில் செக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: “ஏனுங்கக்கா, இதையெல்லாம் ஆரு செய்யணும்னு அதுல போட்டிருக்கா?”

என்ன கேட்கிறார் என்றார் பயிற்சியாளர். ‘விதிகளைப் பற்றி இன்னும் விளக்கம் வேண்டும் என்கிறார்’ என்று சொல்லி வைத்தேன். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேனா, என் இரண்டு நாள் கூலியைக் காப்பாற்றச் சொன்னேனா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. ஆனால் அவள் கேட்டது சுத்தமான இலக்கணக் கேள்வி. என் வாக்கியங்களில் எழுவாய் இருந்தது: தொழிலாளர்கள். பயனிலை இருந்தது: நடத்தப்பட வேண்டும். மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ ஏற்று வரவேண்டிய வினைமுதல் மட்டும் எங்கும் இல்லை. யாரால் நடத்தப்பட வேண்டும்? யாரால் திணிக்கப்படக் கூடாது? செயப்பாட்டு வினை தமிழ்ப் பேச்சுக்கு அவ்வளவாக ஒட்டாத ஒன்று. அலுவலகக் கடிதங்களிலும் அரசாணைகளிலும் அது இவ்வளவு செழிப்பாக வளர்ந்திருப்பதற்குக் காரணம், செய்தவன் பெயரைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்லிவிட அதில் வழி இருக்கிறது என்பதுதான்.

இக்கட்டுரை அந்தப் பெண்ணின் கேள்விக்கு எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் பதில். கடந்த முப்பது ஆண்டுகளில் உலக ஆடை வணிகம் ‘நெறி’, ‘தணிக்கை’, ‘உரையாடல்’, ‘பயிற்சி’ என்று வரிசையாகச் சொற்களை உற்பத்தி செய்திருக்கிறது. நம் இடதுசாரி நண்பர்களில் ஒருசாரார் இவை மொத்தத்தையும் ‘கண்துடைப்பு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தொண்டு நிறுவன நண்பர்கள் திட்ட அறிக்கையின் மொழியிலேயே இவற்றைத் திரும்பச் சொல்கிறார்கள். இரண்டுமே எனக்குப் போதவில்லை.

2

கதையின் தொடக்கம் எளிது. முதலாளித்துவ உற்பத்தி முறை தன் தொழிற்சாலையைத் தன் வாசலிலிருந்து பெயர்த்துத் தொலைதூர நாடுகளுக்கு அனுப்பியபோது, கூலி கொடுப்பவர் ஒருவர், விலையைத் தீர்மானிப்பவர் வேறொருவர் என்றாகிவிட்டது. திருப்பூரிலோ டாக்காவிலோ தைக்கும் பெண்ணுக்கும், அவள் தைத்த சட்டையில் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் நிறுவனத்துக்கும் இடையே சட்டப்படி எந்த உறவும் இல்லை. அவள் அவர்களுடைய தொழிலாளி அல்ல; சப்ளையரின் தொழிலாளி. இந்த இடைவெளியில்தான் லாபம் இருக்கிறது. பொறுப்பும் இதில்தான் கரைந்துபோகிறது.

1991-இல் லீவைஸ் நிறுவனம் சப்ளையர்களுக்கான நெறிகளை வெளியிட்டது. பெரிய நிறுவனங்களில் அதுவே முன்னோடி எனலாம். அடுத்த சில ஆண்டுகளில் நைக்கியின் இந்தோனேசிய, வியட்நாமிய சப்ளையர் ஆலைகள் பற்றிய செய்திகள் அமெரிக்கக் கல்லூரி வளாகங்கள்வரை பற்றி எரிந்தன. 1998 மே மாதம் அந்நிறுவனத்தின் தலைவர் ஃபில் நைட், தங்கள் காலணி என்றாலே அடிமைக் கூலியும் கட்டாய ஓவர்டைமும் என்றாகிவிட்டதைப் பொதுமேடையில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அதன்பின் நெறி இல்லாத நிறுவனமே இல்லை. நெறி கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்க்கத் ‘தணிக்கை’ வந்தது. நம் கம்பெனிப் பெண்கள் மொழியில், ‘ஆடிட்’.

ஆடிட் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் ஆடிட்டருக்குப் பணம் கொடுப்பது சப்ளையர் கம்பெனியேதான். பெரும்பாலும் வரும் தேதி முன்கூட்டியே தெரியும். வந்தவர் ஒன்றிரண்டு நாள் இருப்பார். நீண்ட கேள்விப் பட்டியல் ஒன்று கையில் இருக்கும். சம்பள ரிஜிஸ்தர், தீயணைப்புக் கருவி, கழிப்பறை எல்லாம் பார்ப்பார். தொழிலாளர் சிலரைத் தனியே கூப்பிட்டுப் பேசுவார். அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது ஏற்கனவே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். ‘பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி’ என்று எனக்கு ஒருத்தி விவரித்தாள். ஃபூக்கோ தேர்வு என்னும் சடங்கைப் பற்றி எழுதியது நினைவுக்கு வருகிறது: பார்வையும் தீர்ப்பும் ஒன்றாகும் இடம் அது. இங்கே வேடிக்கை என்னவென்றால், தேர்வுக்கு உட்பட வேண்டியது கம்பெனி; படித்துத் தேற வேண்டியவளோ தொழிலாளி. தவறிப் பதில் சொன்னால் தோற்பவளும் அவளே.

நம்முடைய நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேரடி விடை. மற்றவை சுற்றிவந்து விடையாகுபவை. பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது எதற்கு இந்த வெட்டி வேலை என்று தோன்றியதுண்டு. கம்பெனிப் பெண்களோடு பேசியபிறகு அது மாறியது. ‘ஓவர்டைம் கட்டாயமா?’ என்று கேட்டால் ‘எட்டு மணிக்குத்தாங்க பஸ் எடுப்பாங்க’ என்கிறாள். இனமொழி. ‘கழிப்பறைக்குப் போக விடுகிறார்களா?’ என்றால் ‘போன மாசம் நீர்க்கடுப்பு வந்து மூணு நாள் லீவுங்க’ என்கிறாள். உற்றதுரைத்தல். ‘சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசுகிறாரா?’ என்றால் ‘சொன்னா வீட்ல வேலைக்கு அனுப்ப மாட்டாங்க’ என்கிறாள். உறுவது கூறல். மூன்றுமே தெளிவான விடைகள். ஆனால் ஆடிட்டரின் தாளில் இருப்பது இரண்டே கட்டம்: ஆம், இல்லை. நேரும் மறையும். மீதி விடைகளுக்கு அங்கே இடமில்லாததால் அவை ‘தகவல் இல்லை’ என்று ஆகிவிடுகின்றன. அதிகாரத்தின் முன்னால் நேர்விடை சொல்ல முடியாதவர்கள் உலகமெங்கும் இப்படித்தான் பேசுகிறார்கள். அதைக் கேட்கத் தெரியாத வினா வினாவே அல்ல.

இது வெறும் மொழிப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலை தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஜன்னல்களுக்குக் கம்பி, வெளியேறும் கதவுகளுக்குப் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்னும் சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சாவாரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முந்தின நாளே தூண்களில் விரிசல். கீழே இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல்தளத் தையல் பெண்களும் விரிசலைப் பார்த்தார்கள், உள்ளே போக மறுத்தார்கள். சம்பளம் பிடிப்போம் என்ற மிரட்டலில் மறுநாள் காலை மேலே ஏறினார்கள். கட்டடம் ஆபத்து என்பதை அறிய அவர்களுக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை. ‘வர மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு வேலையைத் தக்கவைத்துக்கொள்ளும் பலம்தான் இல்லாமல் போயிற்று. பேச்சை வார்த்தையாகப் பார்க்கிறோம். அங்கே அது உயிர்.

3

தணிக்கையின் தோல்வி வெளிப்படையான பின்னரே ‘உரையாடலும் பயிற்சியும்’ என்னும் சொல்லாடல் முன்னுக்கு வந்தது. இதை நியாயமாக அணுக வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் லாக், நைக்கி நிறுவனத்தின் சொந்தத் தணிக்கைத் தரவுகளையே வாங்கிப் பல ஆண்டு ஆராய்ந்து 2013-இல் ஒரு நூல் எழுதினார். நெறியும் தணிக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு ஆலைகள் பெரிதாக மாறவில்லை என்பது அவர் கண்டது. அவருடைய ஆய்வுகளில் ஒன்று எனக்கு மறக்க முடியாதது. மெக்சிகோவில் டி-ஷர்ட் தைக்கும் இரண்டு ஆலைகள். தணிக்கை மதிப்பெண் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றில் பெண்கள் பல வேலைகளிலும் பயிற்சி பெற்றுக் குழுவாகச் சேர்ந்து தைத்தார்கள்; வேலை ஓட்டத்தில் அவர்களுக்குச் சொல் இருந்தது; கூலியும் கூடுதல். மற்றதில் தொழிலாளி என்றால் செலவுக் கணக்கு மட்டும். ஒரே மதிப்பெண்ணுக்கடியில் இரண்டு வேறு வாழ்க்கை. ஆகவே போலீஸ் வேலையை விட்டுவிட்டு, ஆலையோடு கூட உட்கார்ந்து வேலை முறையைச் சீர்செய்வது பலன் தரும் என்ற வாதத்துக்கு அடிப்படை உண்டு.

இந்த வழியில் பெரிய முயற்சி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பினுடையது. 1999-இல் அமெரிக்காவும் கம்போடியாவும் ஒரு வணிக ஒப்பந்தம் போட்டன: ஆலைகளில் தொழிலாளர் நிலை மேம்பட்டால் துணி ஏற்றுமதிக்கான ஒதுக்கீட்டைக் கூட்டித் தருவோம் என்பது ஷரத்து. இதைக் கண்காணிக்க 2001-இல் அந்த அமைப்பு அங்கே களமிறங்கியது. 2007-இல் இதே மாதிரி ‘பெட்டர் வொர்க்’ என்ற பெயரில் வேறு நாடுகளுக்கும் விரிந்தது. ஆலைக்குள் நிர்வாகமும் தொழிலாளரும் சரிபாதியாக அமரும் குழு, ஆண்டு மதிப்பீடு, ஆலோசனை, கூடவே பயிற்சி. பயிற்சி என்றால் என்னென்ன? சம்பளச் சீட்டை வாசிப்பது, பி.எஃப். பிடித்தம் சரியா என்று பார்ப்பது, தீ ஒத்திகை, ரசாயனப் புட்டியின் லேபிளைப் புரிந்துகொள்வது. இவை சில்லறை விஷயங்கள் அல்ல. ஓவர்டைம் இரட்டைக் கூலி என்பது சட்டம் என்று தெரியாமலேயே பத்து வருஷம் ஒற்றைக் கூலி வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு பயிற்சி சூப்பர்வைசர்களுக்கானது. சூப்பர்வைசர் யார் என்று நாம் யோசிப்பதில்லை. நேற்றுவரை டெய்லராக இருந்தவர், நன்றாகத் தைத்ததால் தூக்கி நிறுத்தப்பட்டவர். ஆட்களை எப்படி நடத்துவது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே கருவி அவர் வாங்கிய வசவுதான். மேலேயிருந்து டார்கெட் இறங்குகிறது, அவர் வாய் வழியாக வசவாக வெளியேறுகிறது. கத்தாமல் வேலை வாங்குவது எப்படி, லைனில் எங்கே துணி தேங்குகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டவர் குறைவாகத் திட்டுகிறார். இதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் கம்போடியக் கதையின் மறுபாதியையும் சேர்த்தே படிக்க வேண்டும். அங்கே உரையாடலுக்குப் பல் இருந்தது: ஒதுக்கீடு. நல்ல நிலைமைக்குக் கூடுதல் ஆர்டர் என்ற கணக்கு இருந்தவரை முதலாளிகள் பேச உட்கார்ந்தார்கள். 2004 முடிவோடு உலக அளவில் துணி ஒதுக்கீட்டு முறையே காலாவதியானது. ஊக்கத்தொகை போனபின் நல்லெண்ணம் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பின் சில ஆண்டுகள், விதி மீறிய ஆலைகளின் பெயரைப் பகிரங்கமாக வெளியிடுவதும் நின்றுபோய், 2014-இல்தான் மீண்டும் தொடங்கியது. மறுபடியும் வினைமுதல் இல்லாத வாக்கியங்கள்.

பாவ்லோ ஃப்ரெய்ரேயைப் படித்த நம் நண்பர்களுக்கு இங்கே ஒரு விஷயம் உறுத்தும். உரையாடல் என்ற சொல்லை அவர் பயன்படுத்திய அர்த்தமே வேறு. கற்பிப்பவரும் கற்பவரும் சேர்ந்து உலகத்துக்குப் பெயர் வைப்பது அது. வெற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோன்ற பயிற்சியை அவர் வங்கிக் கணக்கில் பணம் போடுவதற்கு ஒப்பிட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் நான் உரைபெயர்த்த பயிற்சி சாட்சாத் அதுதான். பக்தின் மொழியில் சொன்னால், இரண்டு பேர் பேசினாலும் குரல் ஒன்றாகவே இருந்தது. இருவரில் ஒருவர் மற்றவரை வேலையைவிட்டு நீக்க முடியும், மற்றவரால் எதையும் நீக்க முடியாது என்ற நிலையில் நடக்கும் பேச்சை ‘உரையாடல்’ என்று அழைப்பதே ஒரு கருத்தியல் செயல்பாடு. உலகமெங்கும் ‘தொழிலாளர் குழு’ என்ற பெயரில் நிர்வாகமே ஆள் பிடித்து நிறுத்தும் குழுக்கள், சங்கம் உட்கார வேண்டிய நாற்காலியை அடைத்துக்கொள்வதற்கும் உதவியிருக்கின்றன. கிராம்சி சொன்ன மேலாண்மை வன்முறையாலன்றி இசைவால் நடப்பது. அந்த இசைவைத் தயாரிக்கும் பட்டறையாகப் பயிற்சிக்கூடம் மாறிவிட முடியும்.

4

அப்படியானால் பயிற்சியும் உரையாடலும் வேண்டாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி மெக்சிகோவுக்கும் கம்போடியாவுக்கும் போக வேண்டியதில்லை. திண்டுக்கல் இருக்கிறது.

திண்டுக்கல், திருப்பூர், கோவை, ஈரோடு வட்டாரத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். பதினாறு பதினேழு வயதுப் பெண்ணை மூன்று வருஷத்துக்கு ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை. 2011-இல் வெளியான ஆய்வறிக்கைகளுக்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் பதறிக்கொண்டு இங்கே ஏராளமான பயிற்சித் திட்டங்களுக்குப் பணம் கொட்டின. கைகழுவுவது எப்படி என்பது முதல் ஆளுமை வளர்ச்சி வரை. வயது வந்த பெண்கள் வாயில் கதவைத் தாண்டத் தடை ஏன் என்ற கேள்வி அந்தக் கையேடுகளில் அரிதாகவே இருந்தது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் இயங்கிய நாச்சி அப்பேரல்ஸ் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொலையுண்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் மீது வழக்குப் பதிவானது. மாதக்கணக்காகத் தொந்தரவு இருந்தது, சொல்வதற்கு இடமில்லாமல் இருந்தது என்றார்கள் குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும். அவர் உறுப்பினராக இருந்த சங்கம் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்துவது. சங்கம் இதைத் தனியொருவனின் குற்றமாக மட்டும் விட்டுவிடவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு ஆலையிலும் பாலியல் தொல்லைக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். குழு இருப்பது வேறு, ஒரு பெண் அதனிடம் போக முடிவது வேறு என்று அது வாதிட்டது. ஆசிய அளவிலான கூலிக் கூட்டமைப்பான ஏஷியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் கைகோத்தன. ஓராண்டுக்கும் மேல் நடந்த இயக்கத்தின் முடிவில், 2022 ஏப்ரலில், ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. சங்கத்துக்கும் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுக்கும் இடையே ஒன்று. எச் அண்ட் எம் நிறுவனத்தோடு இன்னொன்று. கேப், பி.வி.எச். நிறுவனங்களும் அதே ஆண்டில் சேர்ந்தன. 2019-இல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் ஜீன்ஸ் ஆலைகளில் இதுபோல் ஒன்று கையெழுத்தாகியிருந்தது; ஆசியாவில் இதுவே முதல்.

அதன் இயக்கத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். நாம் கற்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ 5,000 தொழிலாளர்கள் அதன் வரம்புக்குள் வந்தார்கள். இருபத்தைந்து பேருக்கு ஒருவர் வீதம் தைக்கும் பெண்களிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தது. லைனில் கூட உட்கார்ந்து தைப்பவளே கண்காணிப்பவள். ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் ஆடிட்டர் அல்ல. சூப்பர்வைசர் முதல் நிர்வாகி வரை எல்லாருக்கும் பயிற்சி. அதன் உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பதில் சங்கத்துக்குப் பங்கு. பாலியல் வன்முறை என்பதன் வரையறைக்குள் சாதியும் வந்தது, வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் என்ற நிலையும் வந்தது. நம் ஊர் லைனில் ‘ஏய்’ என்று விளிப்பதில் ஆணின் குரல் எது, சாதியின் குரல் எது என்று பிரிக்க முடியாது என்பதை எந்தச் சர்வதேச நெறியும் அதுவரை இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை. கம்பெனியில் சொல்ல முடியாததை விசாரிக்கச் சுயேச்சையான மதிப்பீட்டாளர்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்குவது தனிக் குற்றம். இதற்கெல்லாம் மேலாக, ஆலை தவறினால் ஆர்டரில் கைவைக்க வேண்டிய கட்டாயம் பையருக்கு. அதாவது, சட்டையில் பெயர் பொறித்துக்கொள்பவர் முதன்முறையாக வாக்கியத்துக்குள் வினைமுதலாக வந்து உட்கார்ந்தார்.

முதலாண்டு அறிக்கை 185 முறையீடுகள் வந்ததாகச் சொல்கிறது. மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. ஆடிட் மொழியில் இது மோசமான எண். முறையீடே இல்லாத ஆலைதான் அங்கே நல்ல ஆலை. இங்கே எண் தலைகீழாக வாசிக்கப்பட வேண்டும். பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்பதன் கணக்கு அது. தண்ணீர், பஸ், சூப்பர்வைசரின் சொல் என்று சிறியதைப் பேசிப் பழகிய வாய்தான் பெரியதைப் பேசும் என்பது சங்க வேலை செய்த எவருக்கும் தெரியும்.

இங்கும் பயிற்சி இருந்தது, உரையாடல் இருந்தது. ‘சமூக உரையாடல்’ என்ற அதே தொண்டு நிறுவனச் சொல்கூட இருந்தது. வேறுபாடு பேச்சின் பின்னால் நின்ற பொருளில். நல்லெண்ண அறிக்கைக்குப் பதில் வழக்காடக்கூடிய ஒப்பந்தம். நிர்வாகம் பிடித்து நிறுத்திய குழுவுக்குப் பதில் சங்கம். ரானா பிளாசாவுக்குப் பின் 2013 மே மாதம் வங்கதேசத்தில் உருவான ‘அக்கார்ட்’ ஒப்பந்தமும் இதே பாடத்தைத்தான் தந்தது. நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது அது. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தது. பாதுகாப்புக் குழுக்களுக்கு அதன்பின் பயிற்சி தந்தது. வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் உரிமை, பிறகு பயிற்சி.

5

தோழர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் எனக்குத் தெரியும். ஒன்று: ஐயாயிரம் பேர், மீதி லட்சக்கணக்கானோர்? உண்மைதான். ஒப்பந்தம் மூன்று நான்கு பையர்களைப் பிடித்தது. திருப்பூர்ச் சந்துகளில் பத்துப் பதினைந்து மெஷின் போட்டு பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பவர் டேபிள்களுக்கும், ஒன்றரை ஷிப்டுக்குக் கூலி பேசி வரும் வடமாநிலத்துப் பையன்களுக்கும் அது எட்டாது. அங்கே பையர் யாரென்று தைப்பவருக்கே தெரியாது. வினைமுதல் மறைந்திருப்பதாகச் சொன்னேன். அங்கே அது மூன்று நான்கு கைமாறித் தொலைந்தே போய்விடுகிறது.

இரண்டு: தடை போட்டால் போதாதா? 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பு நடந்ததாகச் சொல்லி இதே நாச்சி ஆலையின் துணிகள் உள்ளே வரத் தடை விதித்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதம் கடந்தபின்! உள்ளே நடந்த மாற்றத்தைச் சான்றுகளோடு எடுத்துச்சொல்லி வாதிட வேண்டிய வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் தடை நீங்கியது. வெளியிலிருந்து விழும் அடி முதலில் யார் வயிற்றில் விழுகிறது என்பதற்கு இது சாட்சி. பல் வேண்டும், ஆனால் எங்கே எப்போது கடிப்பது என்று சொல்லும் வாய் தொழிலாளியுடையதாக இருக்க வேண்டும்.

மூன்று: விலை. இதுதான் கனமான கேள்வி. தொல்லை தரும் சூப்பர்வைசரை ஒப்பந்தம் தடுக்கலாம். அவன் பின்னால் நிற்கும் டார்கெட்டை? பையர் ஒவ்வொரு ஆண்டும் விலையைக் குறைத்துக் கேட்கிறார், டெலிவரி நாளைச் சுருக்குகிறார், கடைசி வாரத்தில் நிறத்தை மாற்றுகிறார். அதே பையரின் இன்னொரு பிரிவு, ஓவர்டைமைக் குறையுங்கள் என்று பயிற்சிக்கு ஆள் அனுப்புகிறது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, தைத்து முடித்த துணிக்கே பணம் தர முடியாதென்று பல பெரிய நிறுவனங்கள் ஆர்டர்களை ரத்து செய்தன. அவர்கள் சுவரொட்டிகளில் ‘பங்காளிகள்’ என்ற சொல் அப்போதும் இருந்தது. பயிற்சிக்கூடத்தில் உட்கார வைக்கப்பட வேண்டிய முதல் ஆள், விலை பேசும் அந்தக் கொள்முதல் அதிகாரி. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் பெரிய நிறுவனங்களுக்குத் தங்கள் சப்ளையர் சங்கிலி முழுவதுக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டம் செய்தது. அடுத்த ஆண்டே அதைத் தள்ளிப்போடவும் நெகிழ்த்தவும் வேலை தொடங்கிவிட்டது. திண்டுக்கல் ஒப்பந்தமும் விலையைத் தொடவில்லை. அதைக் குறையாகச் சொல்கிறேனே தவிர, குற்றமாகச் சொல்லவில்லை. வாய் திறக்கப் பயப்படும் பெண்கள் கூலி கேட்டுக் கூடுவது எப்படி? முதலாவது நடந்தால்தான் இரண்டாவது.

ஆகவே ‘கண்துடைப்பு’ என்று ஒரே வீச்சில் ஒதுக்கும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். எந்தப் பயிற்சித் திட்டம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பயிற்றுவிப்பவரைத் தேர்ந்தெடுத்தது யார்? பேசியவளை வேலையைவிட்டு அனுப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? பேசி முடிவானது நடக்காவிட்டால் யார் பெயரில் வழக்கு? மூன்றுக்கும் பெயர்ச்சொல்லால் விடை கிடைத்தால் அங்கே நம் வேலை இருக்கிறது. ‘ஆவன செய்யப்படும்’ என்று கிடைத்தால், அது சுவரொட்டி.

எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. இந்தக் கையேடுகளையெல்லாம் தமிழாக்குவது என்னைப் போன்றவர்கள்தான். போன வருஷம் இன்னொரு கையேடு வந்தது. வேறு நிறுவனம், அதே செயப்பாட்டு வினைகள். இம்முறை மாற்றி எழுதினேன். ‘சூப்பர்வைசர் உங்களைக் கெட்ட வார்த்தையால் பேசக் கூடாது. பேசினால் உள்ளகக் குழுவிலோ சங்கத்திலோ சொல்லுங்கள். சொன்னதற்காக மேனேஜர் உங்களை லைன் மாற்றினால் அதுவும் தப்பு. சரிசெய்ய வேண்டியவர் கம்பெனி முதலாளி. அவர் செய்யாவிட்டால், இந்தத் துணியை வாங்குகிறவர் பொறுப்பு’ என்று. பத்து நாளில் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தது. மூலத்தில் இல்லாத சொற்கள் சேர்ந்திருக்கின்றன, நீக்கித் தரவும் என்று குறிப்பு. சிவப்புக் கோடு போட்டிருந்த இடங்களை எண்ணிப் பார்த்தேன்: சூப்பர்வைசர், சங்கம், மேனேஜர், முதலாளி, வாங்குகிறவர். ஐந்து.

நீக்கித் தரவில்லை. காசும் வரவில்லை. அந்தச் செக்கிங் பெண்ணுக்கு இதை எப்படியாவது தெரியப்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.